ரெண்டு வேளை குளிச்சும் மதியத்துக்குள்ள வேர்வை நாத்தம், கையில மூணே சட்டை: இன்டர்ன்ஷிப்புக்கு எப்படி ரெடி ஆகுறது?

தம்பி, நீங்க கேட்டது "இன்னும் மூணு வாரத்துல இன்டர்ன்ஷிப், புரொஃபஷனலா வரணும்னு மெயில்ல போட்டிருக்காங்க, ஹாஸ்டல்ல இருக்கேன், மூணு சட்டை தான் இருக்கு, காலையும் சாயங்காலமும் குளிக்கிறேன், ஸ்ப்ரே அடிக்கிறேன், அப்பவும் மதியம் ஆனா நாத்தம் வருது, என்ன வாங்கணும்"னு. நடுவுல ஒரு வரி எழுதியிருந்தீங்க, லேப்ல பக்கத்துல இருந்த பையன் ஒண்ணும் சொல்லாம எழுந்து வேற பெஞ்சுக்கு போயிட்டான்னு. எனக்கு என்னமோ நிஜமான கேள்வி அந்த வரியில தான் இருக்குன்னு தோணுது: என் மேல நாத்தம் அடிக்குதா, அடிச்சா யாரும் ஏன் சொல்ல மாட்டேங்குறாங்க, இது என் தப்பா? அதனால முதல்ல அதுக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் சட்டை ஷூவுக்கு வரேன்.

நான் நர்ஸிங் படிக்கிற பசங்களுக்கு பல வருஷமா க்ளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரா இருக்கேன். வார்டுக்குள்ள அனுப்புறதுக்கு முன்னாடி நகம், முடி, யூனிஃபார்ம், ஷூன்னு ஒவ்வொருத்தரையா பார்த்து அனுப்புறது என் வேலை, யாருக்காவது நாத்தம் இருந்தா தனியா கூப்பிட்டு சொல்ற வேலையும் என்னுது தான். நான் டாக்டர் இல்ல, தோல் வியாதின்னு வர்ற இடத்துல டாக்டர் கிட்ட போங்கன்னு மட்டும் தான் சொல்லுவேன். ஒண்ணு மட்டும் உறுதியா சொல்ல முடியும், நாத்தம்னு நான் கூப்பிட்டு பேசின பசங்கள்ல முக்காவாசி பேர் தினமும் ஒழுங்கா குளிக்கிறவங்க தான். சோம்பேறித்தனம்னு நினைச்சு யாராவது உங்கள பேசினா அத மனசுல ஏத்திக்காதீங்க.

நம்ம மூக்கு நம்ம வாசனைக்கு சீக்கிரம் பழகிடும், எந்த வாசனையா இருந்தாலும் தொடர்ந்து வந்துட்டே இருந்தா சில நிமிஷத்துலயே மூளை அத கண்டுக்கிறத விட்டுடும். அதனால அக்குள மோந்து பார்த்துட்டு "ஒண்ணும் இல்லையே"ன்னு முடிவு பண்றது நம்பகமான வழி கிடையாது. அதுக்கு பதிலா ஒரு நாள் முழுக்க போட்ட சட்டைய கழட்டி ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு கட்டி வெச்சிட்டு, வெளிய போய் அரை மணி நேரம் நடந்துட்டு வந்து, பைய திறந்த உடனே மோந்து பாருங்க. அடுத்து இன்னொண்ணு செய்யுங்க, இது தான் முக்கியம். துவைச்சு நல்லா காஞ்ச சட்டைய எடுத்து, அக்குள் பகுதியில மட்டும் லேசா தண்ணி தெளிச்சு, சூடான அயர்ன் பாக்ஸ ஒரு தடவை ஓட்டிட்டு உடனே மூக்க கிட்ட கொண்டு போங்க. அந்த ஆவியோட ஒரு புளிச்ச வாடை எழும்புச்சுன்னா, பிரச்சனைல பாதி உங்க உடம்புல இல்ல, சட்டையில இருக்கு. குளிச்சு முடிச்சு சுத்தமா வந்து அத போடுறீங்க, உடம்பு சூடு பட்டதும் பழைய வாடை எழுந்திருக்குது, மதியத்துக்குள்ள எல்லாருக்கும் தெரியுது. ரெண்டு வேளை குளிச்சும் நாத்தம்னு சொல்ற பசங்க கிட்ட நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான்.

வேர்வைக்கு தனியா வாசனைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. உடம்பு பூரா இருக்கிற எக்ரைன் சுரப்பி விடுறது தண்ணியும் உப்பும், உடம்ப குளிர வைக்க. அக்குள்லயும் இடுப்புக்கு கீழயும் இருக்கிற அபோக்ரைன் சுரப்பி வேற ரகம், அது பருவ வயசுல தான் வேலை செய்ய ஆரம்பிக்கும், அதுல கொழுப்பு, புரதம் மாதிரி பொருள் கலந்து வரும். அத தோல்ல வாழுற பாக்டீரியா உடைக்கும்போது தான் நாத்தம் பிறக்குது, ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ், கோரினிபாக்டீரியம் இதெல்லாம் அதுல முக்கியமான ஆளுங்க. அதுங்க விடுற தயோஆல்கஹால்னு ஒரு கந்தக ரக பொருள் கொஞ்சூண்டு இருந்தாலே மூக்குக்கு எட்டிடும். ஏபிசிசி11னு ஒரு ஜீன் இருக்கு, அதுல ஒரு சின்ன மாற்றம் இருக்கிறவங்களுக்கு அக்குள் நாத்தம் ரொம்ப கம்மியா இருக்கும், கிழக்கு ஆசியாவுல பெரும்பாலானவங்க அந்த மாதிரி. அதாவது ஒரே அளவு சுத்தமா இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் மேல வாடை வரலாம், இன்னொருத்தர் மேல வராம இருக்கலாம்.

சரி, அக்குள என்ன பண்றது. சோப்ப கையில குழைச்சு விரலால நேரா தோல்ல படுற மாதிரி அரை நிமிஷம் தேய்ங்க, நுரை மேல இருந்து வழிஞ்சு போறத குளிச்சதா எடுத்துக்காதீங்க. கழுவினதும் துண்டால ஒத்தி நல்லா காய விடுங்க, ஈரத்தோட சட்டை மாட்டுறது பாக்டீரியாவுக்கு நாமளே வசதி பண்ணி கொடுக்குற மாதிரி. முடிய மழிக்கணும்னு அவசியம் இல்ல, குட்டையா ட்ரிம் பண்ணா சோப்பு தோல் வரைக்கும் போகும், காயவும் காயும். அடுத்து அந்த ஸ்ப்ரே. டியோடரன்ட்டும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டும் ரெண்டும் வேற வேற. டியோடரன்ட் பாக்டீரியாவ கொஞ்சம் அடக்கி வாசனையால மூடும், ஆன்டிபெர்ஸ்பிரன்ட்ல அலுமினியம் உப்பு இருக்கும், அது வேர்வை வர்ற குழாய் வாய தற்காலிகமா அடைக்கும். லேபிள்ல அலுமினியம் குளோரோஹைட்ரேட் மாதிரி ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க. அத காலையில அவசரத்துல பூசாம, ராத்திரி படுக்கும்போது நல்லா காஞ்ச தோல்ல பூசுங்க, தூக்கத்துல வேர்வை கம்மியா இருக்கிறதால அடைப்பு சரியா உட்காரும், காலையில குளிச்சாலும் பலன் போகாது. ஒரு வாரம் விடாம பண்ணி பாருங்க. அலுமினியத்தால கேன்சர் வரும், மறதி வியாதி வரும்னு ஒரு பயம் சுத்திட்டு இருக்கு, இதுவரைக்கும் வந்த ஆய்வுகள்ல அப்படி ஒரு தொடர்பு நிரூபணம் ஆகல. கிட்னி செயலிழந்தவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு யூஸ் பண்ணனும்.

இப்ப சட்டை. இங்க தான் நீங்க அதிகமா கவனம் வைக்கணும்னு சொல்லுவேன். பெல்ஜியத்துல கென்ட் (Ghent) யுனிவர்சிட்டிகாரங்க 26 பேர உடற்பயிற்சி பண்ண வெச்சு, அவங்க போட்டிருந்த காட்டன், பாலியஸ்டர் துணிய எல்லாம் ஒரு நாளுக்கு மேல மூடி வெச்சு சோதிச்சு 2014ல வெளியிட்டாங்க, பாலியஸ்டர் துணி தான் அதிகமா நாறுச்சு, மைக்ரோகாக்கஸ்னு ஒரு வகை பாக்டீரியா காட்டன விட பாலியஸ்டர்ல தான் அதிகமா பெருகியிருந்துச்சு. பாலியஸ்டர் நூல் தண்ணிய உறிஞ்சாது, எண்ணெய் பிசுக்க மட்டும் பிடிச்சு வெச்சுக்கும், அது சாதாரண துவைப்புல முழுசா போகாது. மூணு சட்டையோட காலர் லேபிளயும் பாருங்க, பாலியஸ்டர் அதிகமா இருக்கிறத தூக்கி போட வேண்டாம், உள்ளுக்குள்ள காட்டன் பனியன் போட்டுட்டு அது மேல போடுங்க. வேர்வை முதல்ல பனியன்ல இறங்கிடும், சட்டை தப்பிச்சிடும். கையில கொஞ்சம் காசு இருந்தா நாலாவது சட்டை வாங்காதீங்க, கை வெச்ச காட்டன் பனியன் அஞ்சு வாங்குங்க. அக்குள மூடுற மாதிரி கை இருக்கணும், கையில்லாத பனியன் இந்த வேலைக்கு உதவாது.

துவைக்கிறதுல பசங்க பண்றது என்னன்னா, வேர்த்த சட்டைய சுருட்டி பையில திணிச்சு ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சிட்டு, அப்புறம் எல்லாத்தையும் ஒரே பக்கெட்ல போட்டு நிறைய பவுடர் கொட்டி அலசி, நெருக்கமா ரூமுக்குள்ள தொங்க விடுறது. இதுல ஒவ்வொரு ஸ்டெப்பும் நாத்தத்துக்கு சாதகம். கழட்டின உடனே உள்புறம் வெளிய தெரியுற மாதிரி திருப்பி காத்தாட தொங்க விடுங்க. துவைக்கும்போதும் அப்படியே திருப்பி வெச்சு, லேபிள் அனுமதிக்கிற அளவு சூடான தண்ணியில அரை மணி நேரம் ஊற வெச்சு, அக்குள், காலர் ரெண்டையும் மட்டும் கையால கசக்குங்க. வாடை ஏற்கனவே ஏறிப்போன சட்டைக்கு ஆக்ஸிஜன் ப்ளீச் (குளோரின் இல்லாத ப்ளீச்) போட்டு ஊற வெச்சா பெரும்பாலும் விட்டுடும். பவுடர் அதிகமா போட்டா சுத்தம் அதிகமாகாது, சரியா அலசாம துணியில தங்குறது அடுத்த அழுக்க பிடிச்சுக்கும். வாசனைக்குன்னு ஊத்துற சாஃப்ட்னரும் நூல் மேல ஒரு படலமா படியும், வாடை பிரச்சனை இருக்கிற துணிக்கு அத விட்டுடுங்க. எல்லாத்தையும் விட முக்கியம் சீக்கிரம் காயுறது. மெதுவா காஞ்ச துணியில வர்ற அந்த முக்கல் வாடைக்கு மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ்னு ஒரு பாக்டீரியா காரணம்னு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2012ல கண்டுபிடிச்சாங்க, அது துணி காஞ்சாலும் சாகாம உட்கார்ந்திருக்கும், மறுபடி ஈரம் பட்டதும் வேலைய ஆரம்பிக்கும். அதனால நல்லா பிழிஞ்சு, சட்டைக்கு சட்டை இடைவெளி விட்டு, வெயில் இல்லைன்னா ஃபேனுக்கு நேரா போடுங்க. வெள்ளை சட்டை அக்குள்ல மஞ்சளா கறை இருந்தா அது வேர்வையும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட்ல இருக்கிற அலுமினியமும் சேர்ந்து வர்றது, பூசினத காய விட்டு சட்டை போட்டா குறையும், குளோரின் ப்ளீச் ஊத்தினா இன்னும் மஞ்சளாகலாம், ஊத்தாதீங்க.

கால் விஷயத்துலயும் இதே கதை தான், சாக்ஸுக்குள்ள ஈரம், பாக்டீரியா, ஐசோவேலரிக் ஆசிட்னு ஒரு பொருள். விரல் இடுக்க துடைச்சு காய வைங்க, சாக்ஸ் தினமும் மாத்துங்க, ஒரே ஜோடி ஷூ தான்னா சாயங்காலம் வந்ததும் உள் அட்டைய தனியா எடுத்து வெச்சு ஷூவுக்குள்ள பழைய பேப்பர கசக்கி திணிங்க, ஈரத்த இழுத்துக்கும். உள்ளங்கால்ல ஊசியால குத்தின மாதிரி குட்டி குட்டி குழி இருந்து கூடவே கடுமையான வாடையும் இருந்தா, அது ஒரு பாக்டீரியா தொற்றா இருக்கலாம், க்ரீம்லயே சரியாகிடும், டாக்டர் கிட்ட காட்டுங்க.

வாய் நாத்தம் பெரும்பாலும் வாயில இருந்து தான் வருது, வயித்துல இருந்துன்னு நினைக்கிறது பொதுவா சரியில்ல. நாக்கோட பின்பகுதியிலயும் பல் இடுக்குலயும் தங்குற பாக்டீரியா கந்தக வாயு விடும். ரெண்டு வேளை ரெண்டு ரெண்டு நிமிஷம், 1000ல இருந்து 1500 பிபிஎம் ஃப்ளோரைடு இருக்கிற பேஸ்ட், நாக்க பின்னாடி வரைக்கும் மெதுவா வழிக்கிறது, பல் இடுக்குக்கு ஃப்ளாஸ். மவுத்வாஷ் கொஞ்ச நேரத்துக்கு மறைக்கும், அவ்வளவு தான். ரொம்ப நேரம் பேசாம, தண்ணி குடிக்காம இருந்தா வாய் காஞ்சு நாறும், இன்டர்வியூவுக்கு காத்திருக்கும்போது நடக்கிறது அது தான், பாட்டில கூட வெச்சுக்குங்க. ஈறுல ரத்தம், சொத்தை இருந்தா என்ன தேய்ச்சாலும் போகாது, பல் டாக்டர் தான்.

கை, நகம் பத்தி பேசினா எனக்கு நிறுத்த முடியாது. 1847ல வியன்னா ஜெனரல் ஹாஸ்பிடல்ல இக்னாஸ் செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், பிரசவம் பார்க்க போற டாக்டர்களும் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸும் குளோரின் கலந்த தண்ணியில கை கழுவணும்னு கட்டாயப்படுத்தினார், ஏப்ரல்ல 18 சதவீதம் இருந்த தாய்மார் சாவு ஆகஸ்ட்டுக்குள்ள 2 சதவீதத்துக்கு கீழ வந்துடுச்சு. சுத்தமில்லாத கையோட போன ஸ்டூடண்ட்ஸ் உங்க வயசு பசங்க தான், கெட்டவங்க இல்ல, யாரும் சொல்லி கொடுக்கல. இன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் சோப்பும் தண்ணியும்னா 40ல இருந்து 60 செகண்ட், ஆல்கஹால் ரப்னா 20ல இருந்து 30 செகண்ட்னு சொல்லுது, நகம் அரை சென்டிமீட்டருக்கு மேல வளரக்கூடாதுன்னும் ஹெல்த் வொர்க்கர்களுக்கு சொல்லுது. என் பசங்க கை கழுவுறத பக்கத்துல நின்னு பார்க்கும்போது திரும்ப திரும்ப விடுபடுறது கட்டைவிரலும் விரல் நுனியும் தான், உள்ளங்கைய மட்டும் தேய்ச்சிட்டு போயிடுவாங்க. கட்டைவிரல மத்த கையால சுத்தி பிடிச்சு திருகணும், விரல் நுனிய எதிர் உள்ளங்கையில வெச்சு சுழட்டணும். ஆபீஸ்ல வேலைன்னாலும் இது பொருந்தும், ஏன்னா நீங்க ஒரு பேப்பர நீட்டும்போது எதிர்ல இருக்கிறவர் பார்க்கிறது உங்க நகத்த தான்.

முகப்பரு அழுக்கால வர்றது இல்ல, போட்டு தேய்ச்சா மோசமாகும், மென்மையான வாஷ் ரெண்டு வேளை போதும், பென்சாயில் பெராக்சைடு யூஸ் பண்ணா அது சட்டை காலரையும் துண்டையும் வெளுத்துடும், காய விட்டு துணி மாட்டுங்க. பொடுகுக்கு கீட்டோகோனசோல் ஷாம்பூ வாரத்துல ரெண்டு நாள், அஞ்சு நிமிஷம் தலையில விட்டு அலசணும். தாடி வெச்சுக்கலாம், கழுத்துல பரவாம ஒரு கோடு இருக்கட்டும். சுருள் முடி, தலைப்பாகை, முக்காடு இதெல்லாம் சுத்தமா இருக்கிற வரைக்கும் எந்த விதத்துலயும் அன்புரொஃபஷனல் கிடையாது, யாராவது அப்படி சொன்னா அது சுத்தத்த பத்தின பேச்சே இல்ல. இத படிக்கிற பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்தை, வேலை நேரத்துல மாத்த கூச்சப்பட்டு நாள் பூரா ஒரே பேட்ல இருக்காதீங்க, நாலுல இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, சூப்பர்வைசர் கிட்ட பிரேக் கேட்கிறது உங்க உரிமை. பிறப்புறுப்புக்குள்ள வாசனை வாஷ் எதுவும் தேவையில்ல.

டிரஸ் விஷயத்துல புரொஃபஷனல்னா என்னன்னு கேட்டா என் கணக்கு ரெண்டே கேள்வி: இது வேலைக்கு இடைஞ்சலா இருக்குமா, இது பார்க்கிறவங்க கவனத்த வேலையில இருந்து இழுக்குமா. விலை இதுல வரவே வராது. சட்டையோட தோள் தையல் உங்க தோள் எலும்பு முடியுற இடத்துல உட்காரணும், அது ஒண்ணு சரியா இருந்தா பழைய சட்டையும் நல்லா தெரியும், கீழ இறங்கி தொங்கினா புது சட்டையும் கடன் வாங்கின மாதிரி தெரியும். கை மணிக்கட்டு வரைக்கும், பேன்ட் ஷூ மேல லேசா மடியுற நீளம், நீளம் கூடினா டெய்லர் கிட்ட கொடுத்து குறைச்சுக்குங்க. அயர்ன் லேசா ஈரம் இருக்கும்போதே போடுங்க, முதல்ல காலரோட உள்பக்கம், நுனியில இருந்து நடுவுக்கு, அப்புறம் கஃப், கை, முதுகு, கடைசியா முன்பக்கம். நேரமே இல்லைன்னா காலரும் பட்டன் பட்டியும் மட்டும் போட்டாலும் பாதி வேலை முடிஞ்சது. பர்ஃப்யூம் வேண்டாம்னே சொல்லுவேன், வேர்வை மேல பர்ஃப்யூம் சேர்ந்தா ரெண்டும் கலந்து இன்னும் தூக்கலா தெரியும், பக்கத்துல மைக்ரேன், ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு நிஜமாவே கஷ்டம், ஹாஸ்பிடல், லேப், உணவு சம்பந்தமான இடம்னா பல இடத்துல அனுமதியே இல்ல.

தோற்றத்த வெச்சு எடை போடுறாங்களான்னு கேட்டா, ஆமா போடுறாங்க. 2006ல வில்லிஸ், டோடோரோவ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள், ஒரு முகத்த 100 மில்லிசெகண்ட் பார்த்தாலே மனுஷங்க நம்பலாமா, திறமைசாலியான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிடுறாங்கன்னு காட்டினாங்க, அந்த முடிவு சரியா இருக்கும்னு அவங்க சொல்லல. ஆனா நல்ல டிரஸ் போட்டா உங்க மூளையே நல்லா வேலை செய்யும்னு அடிக்கடி சொல்றாங்களே, அத நான் பசங்களுக்கு சொல்லி தர்றதில்ல. 2012ல டாக்டர் கோட் போட்டவங்களுக்கு கவனம் கூடுச்சுன்னு ஒரு ஆய்வு வந்துச்சு, 2019ல அதே சோதனைய இன்னும் நிறைய பேர வெச்சு மறுபடி பண்ணப்போ அந்த பலன் வரல. அதனால டிரஸ்ஸுக்கு காசு கொட்டினா தன்னம்பிக்கை வரும்னு யாராவது சொன்னா நம்பி செலவு பண்ணாதீங்க.

உங்க மெயில்ல இருக்கிற வார்த்தைக்கு அந்த இடத்துல என்ன அர்த்தம்னு இங்க இருக்கிற யாராலயும் சொல்ல முடியாது, ஒரு இடத்துல டை, இன்னொரு இடத்துல டி ஷர்ட். "சார், முதல் நாள் ஃபுல் ஹேண்ட் சட்டை, டார்க் பேன்ட், மூடின ஷூ போட்டு வரேன், வேற ஏதாவது வேணுமா, லேப்ல ஏதாவது போடக்கூடாதா"ன்னு ரெண்டு வரியில கேட்டுடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, கேட்காம வர்றவங்கள விட கேட்டுட்டு வர்றவங்கள தான் எனக்கு பிடிக்கும்.

கடைசியா அந்த பெஞ்சு விஷயம். அந்த பையன் ஏன் எழுந்து போனான்னு நமக்கு தெரியாது, ஃபேன் காத்துக்கு கூட போயிருக்கலாம். நம்பிக்கையான ஒரு ஃப்ரெண்ட் கிட்ட, அண்ணன் தங்கச்சி யாராவது கூட இருந்தா அவங்க கிட்ட, மதியம் மூணு மணிக்கு நேரா கேளுங்க, "கோவிச்சுக்க மாட்டேன், வாடை வருதா"ன்னு. வருதுன்னு சொன்னா மேல சொன்னத மூணு வாரம் விடாம பண்ணுங்க, குறையலைன்னா, இல்ல சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனையுற அளவு வேர்த்தா, தோல் டாக்டர பாருங்க, அதிக வேர்வை ஒரு வியாதி, அதுக்கு மருந்து, ஐயான்டோஃபோரேசிஸ் (தோல் வழியா லேசான கரண்ட் விடுறது), போட்டாக்ஸ் ஊசின்னு நல்ல ட்ரீட்மென்ட் எல்லாம் இருக்கு. ராத்திரி தூக்கத்துல நனையுற மாதிரி வேர்த்து, கூடவே எடை குறையுது, காய்ச்சல் வருதுன்னா மூணு வாரம் காத்திருக்காதீங்க. ரெண்டு மூணு பேர் வேற வேற நாள்ல இல்லவே இல்லன்னு சொல்லியும் உங்களால நம்ப முடியல, நாள்ல பல தடவை மோந்து பார்த்துட்டே இருக்கீங்க, கிளாஸுக்கு போகவே தயங்குறீங்கன்னா அதுக்கும் ஒரு பேர் இருக்கு, ஆல்ஃபேக்டரி ரெஃபரன்ஸ் டிஸார்டர், உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி 11ங்கிற வியாதி பட்டியல்ல சேர்த்திருக்காங்க, மனநல டாக்டர் பார்த்து சரி பண்ணக்கூடியது. எது உங்க நிலைமைன்னு ரெண்டு வாரம் கழிச்சு இங்கயே எழுதுங்க, அந்த அயர்ன் டெஸ்ட்ல என்ன ஆச்சுன்னும் சேர்த்து சொல்லுங்க, அதுக்கு தகுந்த மாதிரி மேல பேசலாம்.